அரபு நாடுகளில் பெண்ணுரிமையும் ஷூராவும்: நாம் அறிந்துகொள்ள வேண்டியவை

அரபு நாடுகளோடு நமக்குள்ள உறவு தொழுகையில் திசையை முன்னோக்குவதோடும், ஹஜ் உம்ரா பயணங்களோடும் நின்றுவிடுவதில்லை. நம் மஹல்லாக்களில் வளைகுடா சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகள் எத்தனையோ உள்ளன. அங்கே வேலை பார்க்கும் மகன், கணவன், தம்பி வழியாக அந்த நாடுகளின் செய்திகள் தினமும் நம் வீட்டுக்கு வருகின்றன. ஆனால் அந்த நாடுகளில் சட்டம் எப்படி உருவாகிறது, பெண்களுக்கு ஓர் உரிமை கிடைத்தால் அது எந்த வழியாகக் கிடைத்தது, அதை யாரால் திரும்பப் பெற முடியும் என்பவற்றை நாம் பெரும்பாலும் கேட்டறிவதில்லை.

இதனால் இரண்டு தவறான முடிவுகள் பரவியிருக்கின்றன. “அரபு நாடுகளில் பெண்களுக்கு உரிமை இல்லை, அதற்கு இஸ்லாமே காரணம்” என்று வெளியே சிலர் சொல்கிறார்கள். நம்மிடையே வேறு சிலர், “அரபு நாட்டிலேயே பெண்களுக்கு இது கிடையாது, எனவே மார்க்கத்திலும் இது கிடையாது” என்கிறார்கள். இரு தரப்பாரும் அரபு அரசுகளின் நடைமுறையை மார்க்கத்தின் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். குவைத், துனீசியா, மொரோக்கோ ஆகிய மூன்று நாடுகளில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தாலே இந்தக் குழப்பம் தீரும். கூடவே இன்னோர் உண்மையும் புலப்படும். மக்களைக் கலந்து முடிவெடுக்கும் ஆட்சிமுறை இல்லாத இடத்தில், ஏட்டில் எழுதப்பட்ட பெண்ணுரிமைக்கும் உத்தரவாதம் கிடையாது.

மார்க்கம் காட்டிய முன்மாதிரி

திருக்குர்ஆனில் ‘ஷூரா’ (கலந்தாலோசனை) என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தொழுகையை நிலைநாட்டுவதையும் அல்லாஹ் வழங்கியதிலிருந்து செலவு செய்வதையும் கூறும் அதே வசனத்தில் (42:38), தம் காரியங்களைத் தமக்குள் கலந்தாலோசித்துக் கொள்வதும் இறைநம்பிக்கையாளர்களின் பண்பாகக் கூறப்படுகிறது. உஹுத் போருக்குப் பின் இறங்கிய வசனங்களில், தோழர்களிடம் ஆலோசனை கலக்குமாறு நபி (ஸல்) அவர்களுக்கே கட்டளை வருகிறது (3:159). வஹீ இறங்கிக்கொண்டிருந்த ஒரு தலைவருக்கே அந்தக் கட்டளை என்றால், மற்ற ஆட்சியாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆலோசனையிலிருந்து பெண்கள் விலக்கப்படவில்லை. ஹிஜ்ரத்துக்கு முன் நடந்த இரண்டாவது அகபா உடன்படிக்கையில் எழுபதுக்கும் மேற்பட்ட மதீனா ஆண்களுடன் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நுஸைபா பின்த் கஅப் (ரலி). பெண்கள் தனித்து அளித்த பைஅத் பற்றி அல்மும்தஹினா அத்தியாயம் பேசுகிறது. கணவர் பெயரிலோ தந்தை பெயரிலோ அவர்கள் உறுதிமொழி கொடுக்கவில்லை, தம் பெயரிலேயே கொடுத்தார்கள். தம் கணவரின் செயல் குறித்து நபியவர்களிடம் முறையிட்டு வாதாடிய கவ்லா (ரலி) அவர்களின் குரலுக்குப் பதிலாக அல்முஜாதலா அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் கலங்கி நின்றபோது நபி (ஸல்) அவர்கள் ஏற்றுச் செயல்பட்டது உம்மு ஸலமா (ரலி) அவர்களின் யோசனையை. மூன்றாம் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் மக்களிடம் கருத்துக் கேட்டபோது, வீட்டுக்குள் இருந்த பெண்களிடமும் கேட்டதாக வரலாற்றாசிரியர் இப்னு கஸீர் பதிவு செய்கிறார்.

பிற்காலத்தில் பரம்பரை ஆட்சி வந்தது. ஆலோசனை அரண்மனைக்குள் சுருங்கியது. ஆண்களே கேட்கப்படாத இடத்தில் பெண்களை யார் கேட்கப் போகிறார்கள்?

குவைத்: நாற்பத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பு

வளைகுடா நாடுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தை முதலில் அமைத்தது குவைத். 1961இல் விடுதலை, 1962இல் அரசியல் சட்டம், 1963இல் முதல் தேர்தல். அமைச்சர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு இருந்தது. அரபு உலகில் இது அரிது. ஆனால் 1962இன் தேர்தல் சட்டம் வாக்குரிமையை ஆண்களுக்கு மட்டும் கொடுத்தது. நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், 1951–52இலேயே, நம் பாட்டிமார்கள் வாக்களித்தார்கள். குவைத் பெண்கள் பொதுத்தேர்தலில் வாக்களிக்க 2006 வரை காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பு கைகட்டிய காத்திருப்பு அன்று. நூரிய்யா அஸ்ஸதானி என்ற பெண்மணி 1971இலேயே வாக்குரிமை கோரும் மனுவை நாடாளுமன்றத்திற்குக் கொண்டு சென்றார். 1990இல் இராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது பெண்கள் மறைவாக எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றினார்கள். அஸ்ரார் அல்கபந்தி போன்றோர் உயிரையே கொடுத்தார்கள். நாட்டுக்காக உயிர் கொடுக்கத் தகுதியுள்ளவளுக்கு வாக்களிக்க மட்டும் தகுதி இல்லையா என்ற கேள்வி அதன்பின் வலுவாக எழுந்தது.

1999 மே மாதம் ஒரு திருப்பம். அவ்காஃப் அமைச்சகம் அச்சிட்ட குர்ஆன் பிரதிகளில் பிழைகள் இருந்ததாக எழுந்த விவகாரத்தில், துறை அமைச்சரை நாடாளுமன்றம் கேள்விக்கு உட்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக அமீர் ஷேக் ஜாபிர் அல்அஹ்மத் அவர்கள் சபையைக் கலைத்தார்கள். சபை இல்லாத அந்த இடைவெளியில், பெண்களுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை தரும் ஆணையைப் பிறப்பித்தார்கள். குவைத் அரசியல் சட்டப்படி இத்தகைய ஆணையைப் புதிய சபையின் முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். தேர்தல் முடிந்து கூடிய புதிய சபை நவம்பரில் அந்த ஆணையைத் தள்ளிவிட்டது. அதே கருத்தில் உறுப்பினர்கள் கொண்டுவந்த மசோதாவும் 32க்கு 30 என்ற கணக்கில் தோற்றது.

இரண்டு வாக்கு வித்தியாசம்! இதற்குப் பின்னால் இரண்டு வகை எதிர்ப்பு இருந்தது. பெண்ணுக்குப் பொது அதிகாரம் கூடாது என்று மார்க்க அடிப்படையிலும் கோத்திர வழக்கத்தின் அடிப்படையிலும் எதிர்த்தவர்கள் ஒரு சாரார். சபையைக் கலைத்துவிட்டு ஆணையால் சட்டம் போடுவது சரியான வழியன்று என்பதால் அந்த ஆணையை ஏற்க மறுத்தவர்கள் இன்னொரு சாரார். உரிமை நல்லதாக இருந்தும், அது வந்த வழி அதற்கு எதிராக நின்றது.

மார்க்க ரீதியான விவாதமும் ஒரே பக்கமாக இல்லை. பாரசீகர் ஒரு பெண்ணை அரியணையில் அமர்த்திய செய்தி வந்தபோது நபியவர்கள் சொன்னதாக வரும் ஹதீஸை எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அது நாட்டின் முழுத் தலைமை பற்றியது, வாக்களிப்பது அதில் அடங்காது என்று மற்ற அறிஞர்கள் பதிலளித்தார்கள். வாக்கு என்பது ஒருவர் தகுதியானவர் என்று கூறும் சாட்சியம். பிரதிநிதியை நியமிப்பது என்பது வகாலத். சாட்சியம் அளிக்கவும் வகீலை நியமிக்கவும் பெண்ணுக்கு ஷரீஅத்தில் உரிமை உண்டு. டாக்டர் யூசுஃப் அல்கர்ளாவி போன்ற பெயர்பெற்ற ஆலிம்களும் பெண்கள் வாக்களிக்கலாம், சபைக்குப் போட்டியிடலாம் என்ற கருத்தையே கொண்டிருந்தார்கள்.

2000இல் பெண்கள் நேரடியாக வாக்காளர் பதிவு அலுவலகங்களுக்குச் சென்றார்கள். திருப்பி அனுப்பப்பட்டார்கள். நீதிமன்றம் போனார்கள், அங்கும் வழக்கு நிற்கவில்லை. வீடு வீடாக, திவானிய்யா திவானிய்யாவாகப் பேச்சு தொடர்ந்தது. குவைத்தில் மாலை நேரங்களில் ஆண்கள் கூடி அரசியல் பேசும் வீட்டுக் கூடத்திற்கே திவானிய்யா என்று பெயர். 2005 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தின் முன் பெண்கள் திரண்டார்கள். அதே ஆண்டு மே 16 அன்று மசோதா 35க்கு 23 என்ற கணக்கில் நிறைவேறியது. குவைத் சபையில் அமைச்சர்களுக்கும் வாக்கு உண்டு, அவர்களின் வாக்குகளும் இந்த 35இல் சேர்ந்தவை. பெண்கள் வாக்களிக்கும்போதும் போட்டியிடும்போதும் ஷரீஅத்தின் விதிகளைப் பேண வேண்டும் என்ற வாசகமும் அதில் சேர்க்கப்பட்டது. அடுத்த மாதமே டாக்டர் மஃஸூமா அல்முபாரக் நாட்டின் முதல் பெண் அமைச்சரானார்.

2006 தேர்தலில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம், ஏனெனில் இராணுவத்திலும் காவல்துறையிலும் இருந்த ஆண்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் போட்டியிட்ட பெண்களில் ஒருவர்கூட வெற்றி பெறவில்லை. 2008லும் அப்படியே. 2009 மே மாதத்தில் நான்கு பெண்கள் வென்று சபைக்குள் நுழைந்தார்கள். அவர்களில் இருவர் ஹிஜாப் அணியாதவர்கள் என்பதால் பதவி செல்லாது என்று வழக்கு வந்தது. சட்டத்தில் உள்ள அந்த வாசகம் குறிப்பிட்ட உடையைக் கட்டாயமாக்கவில்லை என்று அரசியல் சட்ட நீதிமன்றம் அதே ஆண்டு தீர்ப்பளித்தது. அதே சமயத்தில் வந்த இன்னொரு தீர்ப்பு, மனைவி பாஸ்போர்ட் பெறக் கணவரின் அனுமதி தேவை என்ற விதியை நீக்கியது.

கதை அங்கே முடிந்திருந்தால் இன்பமாக இருந்திருக்கும். 2020 தேர்தலில் ஒரு பெண்ணும் வெல்லவில்லை. 2024 ஏப்ரலில் ஒரே ஒருவர் வென்றார். அடுத்த மாதம், மே 10 அன்று, அமீர் ஷேக் மிஷ்அல் அல்அஹ்மத் சபையைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைத்தார். சபையில் ஓயாத இழுபறி, நாட்டுப் பணிகள் முடங்கிக் கிடக்கின்றன என்பது அரசு சொன்ன காரணம். அந்தக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்ட பொதுமக்களும் உண்டு.

அதன்பின் வந்த ஆணைகளைக் கவனியுங்கள். நன்மையானவையும் வந்தன. விபச்சாரத்தில் கண்டதாகச் சொல்லி மனைவியையோ மகளையோ சகோதரியையோ கொன்றவனுக்கு மிகக் குறைந்த தண்டனை தந்த தண்டனைச் சட்டத்தின் 153ஆம் பிரிவு 2025இல் நீக்கப்பட்டது. குவைத் பெண்கள் பத்தாண்டுகளாக அதை நீக்கக் கோரி வந்தவர்கள். ஆனால் அதே காலத்தில் குடியுரிமை ரத்து நடவடிக்கையும் வேகமெடுத்தது. குவைத் ஆண்களை மணந்து சட்டப்படி குடியுரிமை பெற்று, தம் பழைய நாட்டின் குடியுரிமையைக் கைவிட்டு, பல்லாண்டுகளாக அங்கேயே பிள்ளை வளர்த்த பெண்கள் ஆயிரக்கணக்கில் அதை இழந்தார்கள். சலுகைகள் பலவும் தொடரும் என்று அரசு சொன்னது. ஆனாலும் எந்த நாட்டுப் பிரஜை என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர்கள் நிற்கிறார்கள். இதைப் பற்றி அமைச்சரை நிற்கவைத்துக் கேட்க இன்று அங்கே ஒரு சபை இல்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்து பெற்ற வாக்கைச் செலுத்தத் தேர்தலும் இல்லை.

துனீசியா: மேலிருந்து வந்தது, கீழிருந்து வந்தது

வட ஆப்பிரிக்காவின் துனீசியா 1956 மார்ச் மாதம் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 13 அன்றே ஹபீப் பூர்கீபா குடும்பச் சட்டத்தை மாற்றினார். பலதார மணம் தடை செய்யப்பட்டது. தலாக் நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே என்றானது. மணமகள், மணமகன் இருவரின் சம்மதமும் கட்டாயமானது. பலதார மணத்தை முற்றாகத் தடுத்தது ஷரீஅத்துக்கு முரண் என்ற எதிர்ப்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் விவாதத்தில் உருவானதன்று, ஒரு தலைவரின் கையெழுத்தில் வந்தது.

அந்தக் கையெழுத்து இன்னொரு காரியமும் செய்தது. 1981இல் வந்த ஓர் அரசுச் சுற்றறிக்கை, பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஹிஜாபைத் தடை செய்தது. ‘பெண் விடுதலை’ என்று பெருமை பேசிய நாட்டில், தலையை மறைத்ததற்காகவே மாணவிகள் படிப்பை இழந்தார்கள், பெண்கள் வேலையை இழந்தார்கள். பூர்கீபாவுக்குப் பின் 1987இல் வந்த பின் அலீ காலத்திலும் அந்த நெருக்கடி தொடர்ந்தது. ஆட்சியாளர் விரும்பிய வகைப் பெண்ணுக்கு மட்டுமே அங்கே உரிமை இருந்தது.

2010 டிசம்பரில் முஹம்மத் பூஅஸீஸீ என்ற தள்ளுவண்டி வியாபாரி தீக்குளித்ததைத் தொடர்ந்து எழுந்த மக்கள் போராட்டம் 2011 ஜனவரி 14 அன்று பின் அலீயை நாட்டைவிட்டு ஓடவைத்தது. அக்டோபரில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். ஒவ்வொரு கட்சியின் பட்டியலிலும் ஆண், பெண் என்று மாறி மாறிப் பெயர் வர வேண்டும் என்பது விதி. இதில் பலர் எதிர்பாராத ஒன்று நடந்தது. தேர்வான பெண்களில் பெரும்பான்மையோர் இஸ்லாமிய இயக்கமான அந்நஹ்தாவின் பட்டியலிலிருந்து வந்தார்கள். ஹிஜாப் அணிந்த மஹ்ரஸிய்யா அல்அபீதி அந்தச் சபையின் துணைத் தலைவரானார். முப்பதாண்டுகளுக்கு முன் பள்ளிவாசலில் நிறுத்தப்பட்ட தலைமுறைப் பெண்கள் நாட்டின் அரசியல் சட்டத்தை எழுத அமர்ந்தார்கள்.

2012இல் வெளியான வரைவில் பெண்ணைக் குடும்பத்தில் ஆணுக்குத் துணைநிற்பவள் என்ற பொருள்படும் வாசகம் இடம்பெற்றது. இது பெண்ணைச் சமமான குடிமகளாகக் கருதாமல் ஆணோடு சேர்த்தே அளப்பதாகும் என்று ஆகஸ்ட் 13 அன்று ஆயிரக்கணக்கான பெண்கள் தலைநகர் வீதிகளில் கூடினார்கள். விவாதம் நடந்தது. வாசகம் கைவிடப்பட்டது. அதிக இடங்களைப் பெற்றிருந்த கட்சி மக்கள் குரலுக்கு இறங்கி வந்தது. 2014 ஜனவரியில் 217 பேர் கொண்ட சபையில் 200 பேரின் ஆதரவுடன் அரசியல் சட்டம் நிறைவேறியது. பெண்கள் பெற்ற உரிமைகளைக் காப்பதும், தேர்ந்தெடுக்கப்படும் மன்றங்களில் ஆண், பெண் சமநிலைக்குப் பாடுபடுவதும் அரசின் கடமை என்று அதன் 46ஆம் பிரிவு கூறியது. மார்க்கப் பற்றுள்ளவர்களும் மதச்சார்பற்றவர்களும் சேர்ந்து ஒப்பமிட்டார்கள்.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2017இல் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான விரிவான சட்டம் வந்தது. 2018 நகராட்சித் தேர்தலில் வென்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். துனிஸ் நகரத்திற்கு முதல் பெண் மேயராக அந்நஹ்தாவின் பட்டியலிலிருந்து ஸுஆத் அப்துர் ரஹீம் தேர்வானார்.

ஆனால் வேலையின்மையும் விலையேற்றமும் தீரவில்லை. கட்சிகளின் சண்டையில் மக்கள் சலிப்படைந்தார்கள். 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் ஸஈத் நாடாளுமன்றத்தை முடக்கினார். பலர் தெருவில் இறங்கிக் கொண்டாடவும் செய்தார்கள். செப்டம்பரில் நஜ்லா பூதின் என்ற பெண்மணியைப் பிரதமராக நியமித்தார். அரபு உலகின் முதல் பெண் பிரதமர் என்று உலகப் பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் அதிகாரம் முழுவதும் அதிபர் கையிலேயே இருந்தது. 2022இல் அதிபர் ஆணையாக வந்த தேர்தல் சட்டம், ஆண், பெண் மாறி மாறி வரும் பட்டியல் முறையையே ஒழித்தது. அதன்படி நடந்த தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 11 சதவீதம் மட்டுமே. சபையில் பெண்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 2023 மார்ச்சில், பாதிக்குப் பாதி பெண்கள் அமர்ந்திருந்த நகராட்சி மன்றங்கள் ஒரே ஆணையில் கலைக்கப்பட்டன. அந்த ஆகஸ்டில் பெண் பிரதமரும் பதவி நீக்கப்பட்டார்.

ஒரு பெண்ணை உயர்ந்த நாற்காலியில் அமர்த்திய அதே ஆட்சியில்தான் நூற்றுக்கணக்கான பெண்கள் தேர்தல் வழியாகப் பெற்ற இடங்களை இழந்தார்கள். மேடையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதை மட்டும் பார்த்துப் பெண்ணுரிமையை அளந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மொரோக்கோ: நீண்ட பேச்சின் பலன்

மொரோக்கோ மன்னராட்சி நாடு. மன்னருக்கு ‘அமீருல் முஃமினீன்’ என்ற பட்டமும் உண்டு. மாலிகி மத்ஹபின் அடிப்படையில் 1957–58இல் தொகுக்கப்பட்ட அதன் குடும்பச் சட்டம் ‘முதவ்வனா’ எனப்படும். அதைத் திருத்தக் கோரி 1992இல் பெண்கள் பத்து லட்சம் கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். மறு ஆண்டு சிறிய மாற்றங்கள் வந்தன. அவை பெரிதாக இல்லாவிட்டாலும், முதவ்வனாவைத் தொடவே கூடாது என்ற எண்ணம் உடைந்தது.

2000 மார்ச் 12 அன்று ஒரே நாளில் இரண்டு பேரணிகள். மாற்றம் வேண்டும் என்று ரபாத்தில் ஒன்று, வேண்டாம் என்று காஸாபிளாங்காவில் மற்றொன்று. இரண்டிலும் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். நாடு பிளவுபட்டுவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. மன்னர் ஆறாம் முஹம்மத் 2001இல் ஒரு குழு அமைத்தார். ஆலிம்கள், நீதிபதிகள், சட்ட அறிஞர்கள் அமர்ந்த அதில் மூன்று பெண்களும் இருந்தார்கள். பெண்கள் அமைப்புகளும் கட்சிகளும் தம் கருத்துகளை அதன் முன் வைத்தன. முடிவை 2003 அக்டோபரில் மன்னர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அல்லாஹ் தடுத்ததைத் தாம் அனுமதிக்கவோ, அவன் அனுமதித்ததைத் தடுக்கவோ முடியாது என்ற வரம்பையும் சேர்த்தே சொன்னார். பின்னர் அது ஆணையாக வெளியிடப்படாமல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டு 2004இல் சட்டமானது. முன்பு காஸாபிளாங்கா பேரணியில் நின்ற இஸ்லாமியக் கட்சியும் ஆதரித்தது.

திருமண வயது இருபாலருக்கும் 18 ஆனது. குடும்பம் கணவன், மனைவி இருவரின் கூட்டுப் பொறுப்பு என்றானது. பலதார மணம் தடை செய்யப்படவில்லை. ஆனால் நீதிபதியின் அனுமதி, நியாயமான காரணம், இரு குடும்பத்தையும் பராமரிக்கும் வசதி ஆகிய நிபந்தனைகள் வந்தன. மனைவி திருமண ஒப்பந்தத்திலேயே ‘இன்னொரு திருமணம் கூடாது’ என்று நிபந்தனை வைக்கலாம். தலாக் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குள் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹ் ஆதாரம் தேடப்பட்டது.

இதிலும் குறை உண்டு. நீதிபதி அனுமதித்தால் 18 வயதுக்கு முன்பே திருமணம் செய்யலாம் என்ற விலக்கின் கீழ் ஆண்டுதோறும் பல்லாயிரம் சிறுமிகளுக்கு அனுமதி கிடைத்தது. கிராமத்துப் பெண்களுக்குப் புதிய சட்டத்தின் செய்தியே போய்ச்சேரவில்லை என்ற புகாரும் இருந்தது. ஆகவே மறுபடியும் திருத்தப் பணி தொடங்கியது. உயர் உலமா சபை கேள்விகளை ஆராய்ந்து பலவற்றை ஏற்றது, சிலவற்றை ஏற்க இயலாது என்றது. 2024 டிசம்பரில் முக்கிய அம்சங்கள் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டன. கடைசிச் சொல் இன்னும் மன்னருடையதுதான், இதை முழுமையான மக்களாட்சி என்று சொல்ல முடியாது. ஆனாலும் எதிர்த்தவர்களையும் உட்காரவைத்துப் பேசியதால், இரண்டு பேரணிகளாகப் பிரிந்த நாடு ஒரு சட்டத்தின் கீழ் சேர்ந்தது.

கேட்டவர் சிறையில், கேட்டது கையில்

சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனம் ஓட்டலாம் என்ற அரச ஆணை 2017 செப்டம்பரில் வெளியாகி 2018 ஜூன் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே மாதத்தில், அந்த உரிமையைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த லுஜைன் அல்ஹத்லூல் உள்ளிட்ட பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். அவர் 2021 பிப்ரவரி வரை சிறையில் இருந்தார். அரசு தருவதை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கேட்கக் கூடாது என்பதே இதன் பொருள். நபியவர்களிடம் வாதாடிய கவ்லா (ரலி) அவர்களின் முன்மாதிரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

முதலாவது, அரபு நாடுகளில் பெண்களுக்கு நேர்ந்த மறுப்புகளுக்கெல்லாம் மார்க்கத்தைக் காரணம் காட்டுவது சரியாகாது. அதே மார்க்கத்தின் ஆதாரங்களைக் கொண்டே மொரோக்கோவில் உரிமைகள் விரிவாக்கப்பட்டன. துனீசியாவில் ஹிஜாபைத் தடுத்தது மதச்சார்பற்ற சர்வாதிகாரம். குவைத்தில் வாக்குரிமையை ஆதரித்தவர்களிலும் எதிர்த்தவர்களிலும் தொழுகையாளிகள் இருந்தார்கள்.

இரண்டாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட சபை என்பதாலேயே அது நியாயமாக நடக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 1999இல் பெண்களைத் தடுத்தது அத்தகைய சபையே. ஆனால் அந்தச் சபையிடம் மீண்டும் போகலாம், வாதாடலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம். ஆறு ஆண்டுகளில் அது மாறியது. சபையே இல்லாதபோது போய்த் தட்டுவதற்குக் கதவும் இல்லை.

மூன்றாவது, மக்களின் வாய் அடைக்கப்படும்போது முதலில் இழப்பவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். குடியுரிமை இழந்த மனைவிமார்களும், கலைக்கப்பட்ட நகராட்சிகளின் பெண் உறுப்பினர்களும் அதற்குச் சாட்சி. ‘முதலில் நாடு நிலைபெறட்டும், பெண்களின் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்’ என்பதும், ‘பெண்களுக்கு நல்லது நடந்தால் போதும், மக்களாட்சி எதற்கு’ என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

இந்தப் பாடம் தூர தேசத்தோடு முடிந்துவிடுவதில்லை. நம் மஹல்லாவில் நிகாஹ், தலாக், குலா, மஹர், ஜீவனாம்சம் பற்றிய வழக்குகள் வரும்போது பெண்ணின் தரப்பை அவளிடமே நேரில் கேட்கிறோமா, அல்லது தந்தையோ அண்ணனோ சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோமா? மத்ரஸா பற்றியும், பிள்ளைகளின் படிப்பு பற்றியும், ஜகாத் யாருக்குத் தேவை என்பது பற்றியும் முடிவெடுக்கும்போது, வீடுகளின் நிலையை நன்கறிந்த நம் தாய்மார்களின் கருத்து சபைக்கு வந்து சேர வழி இருக்கிறதா? மதீனாவின் வீடுகளுக்குள் சென்று பெண்களிடம் கருத்துக் கேட்ட அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. இதை ஒவ்வொரு வீட்டிலும் ஜமாஅத்திலும் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஷூராவை நம் காரியங்களில் உயிர்ப்பிக்கவும், கேட்பவரின் குரலைச் செவிமடுக்கவும், எவருக்கும் அநீதி இழைக்காமல் வாழவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.